சிரிக்க வராத முகங்களைத் தேடி றக்வானைக்கு

எழுதுவது என் வேலை இல்லை. கோத்தகிரியில் ஒரு பேக்கரியில் வர்க்கி பிஸ்கட் அடுக்குவதுதான் என் வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள். வெளிநாடு போய் வந்து எழுதுகிறவர்கள் கடலைப் பற்றிச் சொல்வார்கள், கோயிலைப் பற்றிச் சொல்வார்கள். நான் இலங்கைக்குப் போய் இரண்டையும் பார்க்கவில்லை. இதையெல்லாம் இவள் ஏன் எழுத வந்தாள் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். மன்னித்துவிட்டு மேலே படியுங்கள், அல்லது இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் நித்யாவுக்குக் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. தலை பின்ன நான்தான் வேண்டும். முதுகில் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் கோழிச் சிறகு போலப் புடைத்துக்கொண்டு நிற்கும். சிரித்தால் உதடு பக்கவாட்டில் இழுபடுமே தவிர மேலே ஏறாது. தூங்கும்போது கண் முழுதாக மூடாது. எனக்கும் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. பேக்கரியில் மேல் தட்டுக்கு எனக்குக் கை எட்டாது. "உர்ருனு இருக்காதே" என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, நானே என்னைச் சிடுமூஞ்சி என்று நம்பிவிட்டேன். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் அம்மா இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அது குணம் இல்லை, வியாதி என்றார்.

அவர் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கு உள்ளேயும் இப்படி ஓர் உருண்டை. அதற்குள் நாற்பத்தாறு நூல்கள். அந்த நூல்கள் கூடைக்குள் போட்ட நூல்கண்டு போலக் கண்டபடி கிடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஓர் இடம் உண்டு. உருண்டையின் நடுப்பக்கம் கிடக்கும் பகுதிகள் வேலை செய்யும். சுவரை ஒட்டிக் கிடப்பவை பெரும்பாலும் பேசாமல் அடங்கியிருக்கும். நான்காவது நூலின் நுனி இருப்பது சுவரோரம். அந்த நுனியில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். துண்டுகள் நிறைய இருந்தால் நுனி இறுகச் சுருண்டு கிடக்கும், அதற்குள் இருக்கும் ஒரு மரபணு தூங்கும். நாம் தாய் வயிற்றில் உருவாகத் தொடங்கியபோது அதற்குக் கொஞ்ச நேரம் வேலை இருந்தது. அதன்பிறகு தசையில் அது தூங்கியே கிடக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் துண்டுகள் குறைந்துபோய்விட்டன. சுருள் இளகிவிட்டது. தூங்க வேண்டியது விழித்துக்கொண்டு தசையைக் கொல்கிறது.

"அப்ப அது சுவத்த விட்டு நகந்துருச்சா டாக்டர்?" என்று கேட்டேன். எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"இல்லம்மா. அங்கதான் இருக்கு. இடம் மாறல. ஆனாலும் முழிச்சிருக்கு. அந்தச் சுவருக்கு இதுல எவ்வளவு பங்குன்னு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார். மருந்து இப்போதைக்கு இல்லை என்றும் சொன்னார். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருவருக்கு லேசாக இருக்கும், அவர் பிள்ளைக்கே கடுமையாக இருக்கும். சொந்தக்காரர்களில் யாருக்காவது இருந்தால் தகவல் சொல்லிவிடுங்கள் என்றார்.

சொந்தக்காரர்கள் இருந்தது இலங்கையில், றக்வானைத் தேயிலைத் தோட்டத்தில். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில் என் அப்பாவையும் எல்லோரையும் போலக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெரியப்பா அங்கேயே தங்கிவிட்டார். நான் பிறந்தது கோத்தகிரியில். பெரியப்பா மகன் தங்கராசு அண்ணனோடு கொஞ்ச காலமாக வாட்ஸ்அப்பில் பேச்சு உண்டு. தீபாவளியன்று வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் அவர் மகள் ரேவதி துணி மடித்துக்கொண்டு திரும்பினாள். முதுகு தெரிந்தது. பிறகு முகம் தெரிந்தது. நித்யாவையே பார்ப்பது போல இருந்தது.

போனில் சொல்லப் பார்த்தேன். வியாதி என்ற சொல்லைக் கேட்டதும், இங்கே சிக்னல் சரியில்லை என்று அண்ணன் வைத்துவிட்டார். அடுத்த வாரம் அண்ணி இரகசியமாகக் கூப்பிட்டு அழுதார். ரேவதியைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் முகத்தில் சிரிப்பே இல்லை, மனதில் வேறு யாரோ இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம். கொடகவெலயில் போன் கடை வைத்திருக்கும் ஒரு சிங்களப் பையன்தான் ஆள் என்று லயம் முழுக்க, தோட்டத்து வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு. அவளுடைய போனைப் பிடுங்கிவிட்டார்கள். அடி வேறு. இன்னொரு மாப்பிள்ளை வரப் போகிறான், அதற்குள் நீங்கள் ஒரு தரம் வந்து அவரிடம் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்காரரிடம் நித்யாவை ஒப்படைத்துவிட்டு, இரண்டு பெட்டி வர்க்கியோடு கிளம்பினேன்.

முதல் நாளே சங்கடம். கொழும்பிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகும் பேருந்தில் ஏறி, வழியில் கொடகவெலயில் இறங்க வேண்டும். என் பக்கத்தில் துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தார். முன் இருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஏதோ பேசினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். சொல்லத் தயங்கினார். "செத்த வூட்டுக்குப் போற ஆள் போலனு கதைக்கிறாங்க. பாவம், தொந்தரவு பண்ணாம இருப்போம்னு செல்றாங்க" என்றார். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சிரிக்க முயன்றேன். அவர்கள் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார்கள்.

பெரியவர் இரத்தினபுரியில் இறங்கிவிட்டார். நான் தூங்கிப்போனேன். விழித்தபோது வெயில் கொளுத்தியது, மலையைக் காணோம். எம்பிலிப்பிட்டிய வந்துவிட்டது. நடத்துநரிடம் கொடகவெல, கொடகவெல என்றேன். அவருக்குக் கோபம். கொஞ்சம் தமிழ் தெரிந்த இன்னொருவர் வந்து சொன்னார்: கொடகவெலயில் அவர் மூன்று தரம் கத்தினாராம். நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். இறங்க மனமில்லை என்று விட்டுவிட்டாராம்.

எம்பிலிப்பிட்டிய பெரிய ஊர். சந்தையில் காய்கறி மலையாகக் குவிந்து கிடந்தது. எங்கள் மேட்டுப்பாளையம் மண்டி ஞாபகம் வந்தது, ஆனால் இங்கே சத்தம் குறைவு. மண்சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணி என்கிற பனைப்பாகும் வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பயணத்தில் நான் மனதாரச் சாப்பிட்டது அது ஒன்றுதான். பிறகு தாகத்துக்குச் செவ்விளநீர் வெட்டச் சொன்னேன். கடைக்காரர் ஸ்ட்ரா போட்டு நீட்டினார். எனக்கு உறிஞ்ச வராது. தம்ளர் கேட்டுச் சைகை காட்டினேன். அவரிடம் இல்லை. காயைத் தூக்கிக் குடித்துக் காட்டினார். எனக்குத்தான் கை மேலே போகாதே. கடைசியில் குனிந்து, காயை மேசையில் சாய்த்து வைத்துக் குடித்தேன். பாதி சேலையில் போயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பது அவர்களுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொடகவெலக்குத் திரும்பி, அங்கிருந்து இன்னொரு பேருந்தில் றக்வானைக்குப் போய்ச் சேரும்போது மாலை. கடைசி ஏற்றத்தில் பேருந்து வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கியது. எங்கள் நீலகிரியில் தேயிலை என்றால் தேயிலை மட்டும்தான். இங்கே தேயிலைக்கு நடுவில் பலாவும் கித்துளும் ரப்பரும் கலந்து நிற்கின்றன. குளிர் போதாது. காலில் ஏறும் அட்டை நிறைய.

எம்பிலிப்பிட்டியவிலிருந்து போன் செய்திருந்தேன், தங்கராசு அண்ணன் ரோட்டுக்கே வந்திருந்தார். என் அப்பாவின் முகம். உதடு தடித்து, நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழாத முகம். என்னைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறேன். அவரும் என்னைப் பற்றி அப்படியே நினைத்திருப்பார். இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

"வா தங்கச்சி. எம்பிலிப்பிட்டியாவுக்குப் போயிட்டியாம்ல. ஊர சுத்திப் பாத்துட்டு வந்துட்டே" என்றார்.

லயத்தில் கடைசி காம்பரா அவர்களுடையது. ஒரு அறை, ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு சின்னத் திண்ணை. அதை ஒட்டித் தேயிலை தொடங்கிவிடுகிறது. கோத்தகிரியில் எங்களுக்கும் இப்படித்தான் ஒரு வரிசை வீடு கொடுத்தார்கள். அங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். இங்கே வந்து கால் கழுவுவதற்குள் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் ஓடிவந்து இந்தியாக்காரி வந்துட்டாங்க என்று கத்தினார்கள்.

அண்ணி மாரியாயி பலாக்காய்க் கறியும் கருவாடும் சிவப்பரிசிச் சோறும் வைத்திருந்தார். அந்த வீட்டில் சிரிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான், அவர் வெளியிலிருந்து வந்தவர். ரேவதி கொழுந்து எடுத்துவிட்டு வந்து தேத்தண்ணி கொடுத்தாள். இருபத்து மூன்று வயது. "வாங்க அத்தை" என்றாள். பாவாடைக்குக் கீழே கணுக்கால் வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிய அடித்தடங்கள்.

அடி எல்லாம் ஏன் காலிலேயே இருக்கிறது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. சாப்பிடும்போது அண்ணன் மேலே பரணிலிருந்த ஊறுகாய்ப் போத்தலை எடுக்க அண்ணியைக் கூப்பிட்டார். ஏன், உங்கள் கை எட்டாதா என்று கேட்டேன். ஃபெக்டரியில் மூட்டை விழுந்ததிலிருந்து தோள் சரியில்லை என்றார். அவருக்குக் கை தோளுக்கு மேலே போகாது. அதனால்தான் கீழே அடிக்கிறார். எந்த வியாதியைத் திமிர் என்று மகளிடமிருந்து அடித்துத் துரத்தப் பார்க்கிறாரோ, அதே வியாதிதான் அவர் கையைப் பிடித்து இறக்கி வைத்திருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.

இரண்டாம் நாள் ரேவதியோடு மலைக்குப் போனேன். வெளியாள் போகக் கூடாதாம். என் சித்தப்பா மக, இந்தியாவிலிருந்து வந்திருக்கிறாள் என்று அண்ணன் கேட்டதால் கங்காணி விட்டார். மற்றப் பெண்கள் இரண்டு கையாலும் கிள்ளி, பார்க்காமலேயே தோளுக்கு மேல் பின்னால் கூடைக்குள் வீசுகிறார்கள். தாளம் போல இருக்கிறது. ரேவதிக்கு அது முடியாது. இடுப்பில் ஒரு பையைக் கட்டி அதில் போட்டு, நிறைந்ததும் கூடையை இறக்கி வைத்து, குனிந்து கொட்டி, மறுபடியும் முதுகில் மாட்டிக்கொள்கிறாள். ஒவ்வொரு தரமும் நேரம் போகிறது. நிறுவையில் குறைகிறது. குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் கூலிதான்.

"மகாராணி கூடைய எறக்கி வச்சி பூசை பண்றாங்க" என்றார் கங்காணி என்னிடம். மனிதர் கெட்டவராகத் தெரியவில்லை. நாள் முழுக்க எல்லோரையும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து நிரையில் இருந்த பெண் ஒருத்தி, "அவளுக்குக் கூடையிலயா மனசு? கொடகவெலயிலல்ல இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரேவதி கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். இது வியாதி என்று சொல்ல நினைத்தேன். இருபது பெண்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அவள் சற்றுக் கண் அயர்ந்தாள். இமைகளுக்கு நடுவே வெள்ளை தெரிந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனார். காலையில் அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, ராத்திரியெல்லாம் அவனை நினைத்து அழுகிறாள் என்று அண்ணன் சொல்வாராம். மூடாத கண்ணில் காற்றும் தூசியும் பட்டால் சிவக்கும், நித்யாவுக்கும் சிவக்கும் என்றேன். கோயம்புத்தூரில் கொடுத்த கண்சொட்டு மருந்து ஒன்று கொண்டுபோயிருந்தேன், அதைக் கொடுத்தேன். அண்ணி வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் மறைத்து வைத்தார்.

அன்று மாலையே அண்ணனிடம் பேசினேன். டாக்டர் அம்மா சொன்ன உருண்டை, நூல், சுவர் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன்.  இந்த வியாதி இருந்தால் விசில் வராது, அவருக்கு விசிலடிக்கத் தெரியுமா என்று கேட்டேன். மலையில் ஆண்கள் ஒருவரையொருவர் விசிலடித்துத்தான் கூப்பிடுகிறார்கள்.  சின்ன வயசிலேயே வராது என்று அண்ணிதான் உள்ளேயிருந்து சொன்னார்.

"அப்ப எங்க ரத்தத்துலதான் சீக்குனு சொல்ல வந்திருக்கே. கப்பல் ஏறிப் போனவங்க அங்க என்னத்தையோ புடிச்சிக்கிட்டு, அத எங்க தலையில கட்டப் பாக்குறீங்க" என்றார் அண்ணன்.

அது தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ இரண்டு பக்கமும் வந்தது, கப்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. பிறகு சொன்னார்: "நாளன்னிக்கு மாப்புள வூட்டுக்காரங்க வாராங்க. அவங்க முன்னுக்கு ஒரு வார்த்தை வரப்புடாது. கொழும்புல நிக்கிற இவ தம்பிக்கும் கல்யாணம் காட்சி இருக்கு."

அண்ணி குசினியில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது, ரேவதி முகம் இப்படி இருப்பது என் வயிற்றுக் கோளாறு என்றுதான் இவ்வளவு காலமும் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார் என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அதைப் பார்க்கக் கசந்தது.

மூன்றாம் நாள் தோட்டத்தில் வேலை இல்லை. ரேவதியும் நானும் பீலிக்குக் குளிக்கப் போனோம். மலையிலிருந்து தகரக் குழாயில் விழும் தண்ணீர், நல்ல குளிர்ச்சி. அவள் தலைக்கு நான் ஊற்றினேன், என் தலைக்கு அவள் ஊற்றினாள். இருவருக்குமே அரைக் கைதான் போகும் என்பதால் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டோம். வேறு யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஓலெவல், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள், என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

"சுவரோரமா இருந்தா அடங்கி இருக்கும்னா, அது எங்க காம்பரா மாதிரி அத்தை. கடைசி காம்பராவுல யாரு கத்துனாலும் லயத்துக்குக் கேக்காது" என்றாள்.

 சோப்புப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "பொறக்குற புள்ளைக்கும் வருமா?"

"வரலாம். பாதிக்குப் பாதி."

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, கொடகவெலப் பையனிடம் போன் பழுதுபார்க்கப் போனதுதான் குற்றம் என்றாள். துணியைப் பிழியும்போது மாப்பிள்ளையைப் பற்றி நான்தான் கேட்டேன். எம்பிலிப்பிட்டியவில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறாராம், பெயர் குமார். கடைக்குப் பின்னால் வாடகை வீடு. தேயிலை கிடையாது, கூடை கிடையாது. அங்கே அவளும் ஒரு கடையில் நிற்கலாமாம். "நீங்க எம்பிலிப்பிட்டியாவ பாத்தீங்கதானே, எப்புடி இருந்துச்சி?" என்று கேட்டாள். தயிர் நன்றாக இருந்தது என்றேன். வேறு என்ன என்றாள். சந்தையைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு கடையாகக் கேட்டாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வாயடங்கிய பெண்ணை இந்தக் கல்யாணத்திலிருந்து காப்பாற்ற வந்தவள் என்றுதான் அதுவரை என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் அவர்கள் முச்சக்கரவண்டியில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். அம்மா கஹவத்தைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், நல்ல கலகலப்பு. உட்காரும்போதே, "என்னா ரோடுங்க இது, வகுத்துல இருந்ததெல்லாம் கலங்கிப்போச்சி. மொதல்ல ஒரு பிளேன்டீ குடுங்க, பொறவு பொண்ணப் பாப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி வடையும் வாழைப்பழமும் வைத்தார். நான் கொண்டுபோன வர்க்கியையும் ஒரு தட்டில் அடுக்கி வைத்தேன், அதுதானே என் வேலை. மாப்பிள்ளை அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது எங்கே செய்தது என்று மரியாதையாக என்னிடம் கேட்டார். எங்கள் ஊரில் என்றேன். அவர் கடிக்கும் முன் ரேவதி தட்டோடு வந்துவிட்டாள். வர்க்கியைக் கீழே வைத்துவிட்டார்.

நீல நிறச் சேலை. நன்றாகத்தான் இருந்தாள். தேத்தண்ணி கொடுத்துவிட்டு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சிரிப்பு சிரிங்களே மகள். காசா பணமா?"

ரேவதி முயன்றாள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் முயல்வேன். உதடு முன்னால் குவிந்து பக்கவாட்டில் இழுபட்டது. பார்க்கிறவர்களுக்கு அது முகத்தைச் சுளிப்பது போலத்தான் இருக்கும். தாய்மாமன் மாப்பிள்ளையின் தொடையைத் தட்டி மெதுவாகச் சிரித்தார்.

"நான் நேராவே கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார் அந்த அம்மா. "பொண்ணுக்கு மனசு வேற எடத்துலனு ரெண்டு பேரு எங்கிட்ட சொல்லிட்டாங்க. நான் நம்பல. கண்ணால பாத்துட்டுப் போவோம்னு வந்தேன். இஷ்டமில்லாட்டி சொல்லிருங்க, எங்க புள்ளைக்கும் அதான் நல்லது."

அண்ணன் எழுந்தார். "சிரிடி" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. கையில் ஒன்றும் இல்லை. ஆனால் ரேவதியின் கால்கள் சேலைக்குள் பின்வாங்கியதை நான் பார்த்தேன்.

அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன். "அவளுக்குச் சிரிக்க வராதுங்க" என்றேன். "எனக்கும் வராது. பாருங்க." அத்தனை பேர் முன்னால் சிரித்துக் காட்டினேன். ஐம்பது வயதுக்காரி, முன்பின் தெரியாதவர்கள் முன்னால். என் முகம் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். "இது வியாதிங்க. மொகத்துத் தசையும் தோள் தசையும் வேலை செய்யாது. எம் மகளுக்கும் இருக்கு. இவ யாரையும் நெனைக்கல. கொடகவெல கதையெல்லாம் பொய்" என்றேன்.

 வெளியே முச்சக்கரவண்டிக்காரர் ரேடியோ போட்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து ரேவதியின் நாடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கடைசியாக அண்ணனைப் பார்த்தார். நல்ல மனுஷி. அவர் கண்ணில் நீர் வந்தது.

"பாவம் புள்ள. அநியாயமாப் பேசிட்டாங்களே" என்றார். அதற்கப்புறம் என்னிடம் கேட்டார்: "பொறக்குற புள்ளைக்கும் வருமாங்க?"

முந்தின நாள் பீலியில் ரேவதி கேட்ட அதே கேள்வி. பொய் சொல்லியிருக்கலாம். "வரலாம். வராமலும் இருக்கலாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார். தாய்மாமன் அதற்குள் செருப்புப் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வாசலில் நின்று ரேவதியிடம், "கோவிச்சுக்காதீங்க" என்றார். நல்ல பையன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வர்க்கித் தட்டு அடுக்கியபடியே இருந்தது.

அண்ணன் அடிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். இஸ்தோப்பில் உட்கார்ந்து தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் கேட்டார்: "ஒனக்குச் சந்தோஷமா தங்கச்சி?" அண்ணி, இருட்டுவதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று அழுதார். பிறகு கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி, நுவரெலியாப் பக்கம் என்றால் நாலு தமிழ் டாக்டராவது இருப்பார்கள், இந்த மூலையில் கிடந்து நாங்கள் யாரிடம் காட்டுவது என்றார்.  இரத்தினபுரிக்கு அழைத்துப் போகலாம் என்றேன். அங்கே போய்ச் சிங்களத்தில் இதைச் சொல்லும் அளவுக்கு யாருக்குத் தெரியும் என்றார். அந்த வீட்டில் எல்லோருக்கும் சிங்களம் தண்ணீராக வரும். வராதது சிங்களம் இல்லை, வியாதி என்று சொல்ல வாய்தான்.

ரேவதி சேலையை மாற்றிக்கொண்டு வந்து பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கோபமாக இருக்கிறாளா, நிம்மதியாக இருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். எனக்கே தெரியவில்லை. என் வாழ்நாள் முழுதும் மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பட்ட பாட்டை அப்போது நான் பட்டேன்.

"இனி யாரும் ஒன்னை அப்படிப் பேச மாட்டாங்க" என்றேன்.

"பேச மாட்டாங்க அத்தை" என்றாள். ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "கெட்டுப்போனவனு சொன்னா ரெண்டு வருஷத்துல மறந்துருவாங்க. வேற ஊருக்குக் கட்டிக் குடுத்தா அதுவும் இல்ல. சீக்காளினு சொன்னா யாரு மறப்பாங்க? நான் அடியத் தாங்கிக்கிட்டு இருந்தேன். எம்பிலிப்பிட்டியாவுக்குப் போயிருப்பேன்."

"மறைச்சுக் கட்டுனா பின்னால பிரச்சனைதானே."

"பின்னாலதானே அத்தை" என்றாள்.

அவள் சொன்னதில் குரல் உயரவே இல்லை. டாக்டர் அம்மா வரைந்த வட்டம் ஞாபகம் வந்தது. விழித்துக்கொண்ட அந்த நுனி இடம் மாறுவதில்லை. சுவரோரமாகவே கிடந்துகொண்டு விழித்திருக்கிறது. தூங்கச் சொல்ல மருந்து இல்லை. எங்கள் உடம்பில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான், அது மூடவில்லை. அதன் பாவத்துக்கு நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் திறந்தேன். நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவளுக்கு அதனால் ஒரு வீடு போயிற்று.

மீதி இருந்த வர்க்கியைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கு அண்ணி கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்று இன்னும் கேட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது ரேவதி மலைக்குப் போய்விட்டிருந்தாள். சாமி படத்துக்குப் பின்னால் கண்மருந்து இல்லை. அண்ணன் என் பையை ரோடு வரை இடது கையில் தூக்கி வந்தார். கூட வந்த அண்ணி நடத்துநரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "இவங்க கண்ணத் தொறந்துகிட்டே தூங்குவாங்க, வியாதி, கொழும்பு பஸ் மாற இரத்தினபுரியில தட்டி எழுப்புங்கனு சொன்னேன்" என்றார். இரத்தினபுரியில் நடத்துநர் என் தோளைத் தட்டினார். இறங்கினேன்.